தவக்காலத்தில் வந்த கப்பல் சாக்லேட்

பட்டப்பகலில் என் வீட்டு ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. மின்விசிறியை நிறுத்தியிருந்தோம். ஒரு அடுப்பில் கடலை வறுபட்டுக்கொண்டிருந்தது. பக்கத்து அடுப்பில் அம்மா சாளைக் கருவாடு பொரித்துக்கொண்டிருந்தாள். கருவாடு தின்பதற்கு அல்ல. கடலை மணத்தை அமுக்குவதற்கு.

"ஏளா ரெஜி, அந்தப் பின்கதவையும் சாத்து. மணம் தெருவுக்குப் போச்சுன்னா நம்ம மானம் கப்பலேறிரும்" என்றாள் அம்மா.

கப்பலேறிய மானம் ஏற்கெனவே இறங்கி வந்து, என் சமையலறைத் தரையில் சம்மணம் போட்டுக் கடலைத் தோல் உரித்துக்கொண்டிருந்தது. அதன் பெயர் சேவி. என் ஒரே தம்பி.

அவன் கப்பலை விட்டு இறங்கியது எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. மறுநாள் விமானத்தில் வருகிறான் என்று அம்மா தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். உண்மையில் அன்று காலையில் துறைமுக வாசலில் இருந்து என் வீட்டுக்காரர் அவனைப் பைக்கில் ஏற்றி, தலைக்கு ஹெல்மெட்டை மாட்டிக் கொண்டுவந்து சேர்த்தார். எங்கள் தெருவுக்குள் ஹெல்மெட் போட்டு வந்த முதல் ஆள் அவன்தான். அதனாலேயே நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

இதை எழுதலாமா என்று அம்மாவிடம் போனில் கேட்டேன். போன வாரம் இந்தத் தொடரில் மக்ரூன் சுட்ட கதையில் தன்னைக் கஞ்சப்பிசினாறி என்று எழுதிவிட்டேன் என்ற கோபம் இன்னும் ஆறவில்லை. "எழுதித் தொலை. எம் பேரப் போடாத" என்றாள். போடவில்லை. எங்கள் தெரு பிலோமி சித்தி இந்தப் பத்திரிகையைத் தவறாமல் வாங்குகிறாளே, படித்துவிட மாட்டாளா என்று கேட்டேன். "படிச்சா மட்டும் நம்பவா போறா?" என்று போனை வைத்துவிட்டாள்.

தெருவின் சட்டம்

கப்பலுக்குப் போகிறவர்கள் நிறைந்த தெரு எங்களுடையது. வீட்டுக்கு ஒருவன் கடலில் இருப்பான், ஒருவன் கடலுக்குப் போகப் பரீட்சை எழுதிக்கொண்டிருப்பான். கப்பலில் இருந்து எவன் வந்தாலும் தெருவில் எல்லா வீட்டுக்கும் சாக்லேட் கொடுக்க வேண்டும். எங்கேயும் எழுதி வைக்காத சட்டம் இது. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு வராதவனைக்கூட மன்னிப்பார்கள், சாக்லேட் கொடுக்காதவனை மன்னிக்க மாட்டார்கள்.

அதுவும் வந்த அன்றே கொடுத்துவிட வேண்டும். மறுநாள் கொடுத்தால், நல்லதைப் பதுக்கிவிட்டு மிச்சத்தைக் கொடுக்கிறான் என்று பேச்சு வரும். என் அப்பா உயிரோடு இருந்த காலத்தில், கட்டிச் சாக்லேட்டை அரிவாள்மனையில் வைத்து ஒரே அளவாக வெட்டுவார். ஒருமுறை ஒரு வீட்டுக்கு ஓரத்துண்டு போய்விட்டது. அந்த வீட்டுக்காரர்கள் என் கல்யாணத்துக்கு வந்தார்கள், வாழ்த்தினார்கள், சாப்பிடாமல் போய்விட்டார்கள்.

இந்தச் சட்டத்துக்கு நீதிபதி போசன் மாமா. கப்பலில் மேல்தட்டு ஆட்களுக்கெல்லாம் தலைவனாக இருப்பவனைப் போசன் என்பார்கள். அந்த வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அம்மா வீட்டுக்கு எதிர்வீடு, என் வீட்டுக்கும் பக்கம்தான். சாக்லேட் கைக்கு வந்ததும் ஒரு கடி கடிப்பார். கண்ணை மூடுவார். "சிங்கப்பூர்" என்பார். அல்லது "பெல்ஜியம். பழைய ஸ்டாக்" என்பார். கொண்டுவந்த பையன் "ஆமா மாமா" என்று தலையாட்டுவான்.

அவர் சொன்னது சரியா தப்பா என்று ஒருநாளும் யாரும் சோதித்ததில்லை. ஏனென்றால் அவருக்கு ஷைனி என்று ஒரு மகள் இருந்தாள். பெண் கேட்டுப் போகலாம் என்று நினைக்கிற எவன் அந்த வீட்டு வாசலில் நின்று "இல்ல மாமா" என்பான்?

தலையாட்டாமலே ஷைனியின் மனதில் இடம் பிடித்தவன் என் தம்பி. அது எனக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியும், போசன் மாமாவுக்கும் தெரியும். அவர் நேராகவே சொல்லியிருந்தார்: "வெளிநாட்டுக் கப்பல்ல ஒரு தடவை போய்ட்டு வரட்டும். அப்புறம் பேசுவோம். கரையோரமாவே சுத்துறவன் பாதிக் கப்பக்காரன்."

உலகம் சுற்றிய கரிக்கப்பல்

சேவிக்கு முதல் கப்பல் கிடைத்தபோது ஐரோப்பா போகும் என்றுதான் ஏஜெண்ட் சொன்னான். அம்மா அன்றைக்கே பிலோமி சித்தி வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டாள். பிலோமி சித்தியிடம் சொன்னால் போதும், பூசையில் அறிவிப்பு வாசிக்க வேண்டிய அவசியமில்லை.

கடைசி நேரத்தில் ஆளை மாற்றிவிட்டார்கள். சேவியை ஏற்றியது ஒரு கரிக்கப்பல். ஒடிசாவில் பாரதீப் துறைமுகத்தில் கரியை ஏற்றும். தூத்துக்குடிக்கு வந்து அனல் மின் நிலையத்துக்கு இறக்கும். திரும்பவும் பாரதீப். திரும்பவும் தூத்துக்குடி. உலகம் சுற்றப் போனவன் எங்கள் ஊருக்கே வந்து வந்து போய்க்கொண்டிருந்தான்.

அம்மா சொன்ன வார்த்தையைத் திரும்ப வாங்கவில்லை. அதற்குமேல் நாடுகளைச் சேர்த்துக்கொண்டாள். "இப்ப சூயஸ் கால்வாய்ல நிக்கான்" என்று தெருக்குழாயடியில் சொல்லும்போது, சேவி எங்கள் கடலிலேயே நங்கூரம் போட்டு, கரி இறக்க முறை வருமா என்று காத்துக் கிடப்பான். ராத்திரி மாதா கோயில் திருவிழா விளக்குகள் அங்கிருந்து தெரிகின்றன என்று எனக்குப் போன் பண்ணினான். "சப்பரம் எந்தத் தெருவுல வருதுக்கா?" என்று கேட்டான்.

கரி இறக்குகிற நாட்களில் பாஸ் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்திருக்கலாம். அம்மா விடவில்லை.

"இப்பதான் பிலோமிட்ட நீ ஜெர்மனில நிக்கன்னு சொன்னேன். தெருவுக்குள்ள வந்து நின்னு என்னக் கவுத்திராதலே" என்றாள்.

"சரிம்மா" என்றான். என் வீட்டுக்காரர் தூக்குவாளியில் மீன்குழம்பு கொண்டுபோய் துறைமுக வாசலில் கொடுத்துவிட்டு வருவார். ஒப்பந்தத்தின் ஒன்பது மாதமும் எங்கள் வீட்டில் இருந்து அவனைப் பார்த்து வந்தது மீன்குழம்பு ஒன்றுதான். குழம்பில் உப்பு சரியாக இருந்ததா என்று அம்மா கேட்பாள். மகன் எப்படி இருந்தான் என்று கேட்க அவளுக்கு வாய் வராது.

ஒப்பந்தம் முடிந்து சேவி இறங்கிய இடமும் தூத்துக்குடிதான். பை நிறைய அழுக்குத்துணி இருந்தது. சாக்லேட் இல்லை.

சாத்திய ஜன்னல்கள்

கடையில் வெளிநாட்டுச் சாக்லேட் வாங்கிவிடலாம் என்றேன். போசன் மாமா உறையைத் திருப்பி, இங்கே இறக்குமதி செய்தவன் ஒட்டிய சீட்டைப் பார்த்துவிடுவார் என்றான் சேவி. வீட்டிலேயே செய்து வெள்ளித்தாளில் சுற்றிவிடலாம், பெயரே இருக்காது என்று அம்மாதான் முடிவெடுத்தாள்.

"நாம வெளிநாட்டுச் சாக்லேட்டுன்னு சொல்லப் போறதில்ல. கப்பல்ல இருந்து வந்த பையன் குடுக்கான்னுதான் சொல்லப் போறோம். அதுல எங்களா பொய் இருக்கு?"

அது தவக்காலம், ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்கள். தவக்காலத்தில் அம்மாவோடு தர்க்கம் பண்ணுவதில்லை என்று ஒரு விரதம் வைத்திருந்தேன்.

செய்முறை ஒன்றும் பிரமாதமில்லை. பேக்கரிக்குச் சாமான் விற்கிற கடையில் சாக்லேட் பாளம் கிடைக்கும். கொதிக்கிற தண்ணீர்ச் சட்டிமேல் ஒரு பாத்திரத்தை வைத்து, அதில் பாளத்தை நொறுக்கிப் போட்டு இளக்க வேண்டும். வறுத்த கடலையைக் கொட்டிக் கிளறி, கரண்டி கரண்டியாக வெண்ணெய்த்தாளில் வைத்து ஆறவிட்டால் முடிந்தது. நடுவில் கொஞ்சம் உடன்குடிக் கருப்பட்டியைத் தட்டிப் போடலாமா என்று கேட்டாள் அம்மா. "போடும்மா. அப்படியே சுக்கும் தட்டிப் போட்டு, செய்தவங்க விலாசத்தையும் எழுதி ஒட்டிரலாம்" என்றேன். முறைத்துவிட்டுப் போய்விட்டாள்.

எங்கள் வீட்டில் கடலையை மணலில் வறுப்பதில்லை, கல்லுப்பில் வறுப்போம். என் வீட்டுக்காரர் உப்பளத்தில் மேற்பார்வையாளர். வீட்டில் அரிசி இல்லாத நாள் உண்டு, உப்பு இல்லாத நாள் கிடையாது. இரும்புச் சட்டியில் கல்லுப்பைச் சூடேற்றினால் படபடவென்று வெடிக்கும். அந்தச் சூட்டில் கடலையைப் போட்டுப் புரட்டினால் எல்லாப் பக்கமும் ஒரே சிவப்பாக வரும். பிறகு சலித்து, மொட்டை மாடிக்குக் கொண்டுபோய், கடல்காற்றில் சுளகு வைத்துப் புடைப்போம். தோலும் உப்புத் தூசியும் பறந்துவிடும்.

அன்றைக்கு மாடிக்கு எப்படிப் போவது? சேவி உட்கார்ந்த இடத்திலேயே கையால் தேய்த்துத் தோலை ஊதினான். தோல் அம்மாவின் தலையில் போய் ஒட்டியது. அது மட்டும்தான் எங்கள் கண்ணுக்குத் தெரிந்தது.

அடுத்த சோதனை வேர்வை. பங்குனி வெயில், ஓடாத மின்விசிறி, எரிகிற இரண்டு அடுப்பு. இளகிய சாக்லேட்டைக் கிண்டிக்கொண்டிருந்த சேவியின் மூக்கு நுனியில் இருந்து சொட்டுச் சொட்டாக அதில் விழுந்துவிட்டது. சாக்லேட்டுக்கும் தண்ணீருக்கும் ஜென்மப் பகை. பளபளவென்று இருந்தது கண் முன்னாலேயே ஈர மண்ணாகத் திரண்டுகொண்டது.

"லேஞ்சால மூஞ்சத் தொடைன்னு எத்தன வாட்டி சொன்னேன்?" என்று கத்தினேன். லேஞ்சு என்றால் எங்கள் பக்கத்தில் கைக்குட்டை.

"லேஞ்ச வச்சுத்தானக்கா சட்டியப் புடிச்சிருக்கேன்" என்றான் பாவமாக.

அதைக் கழித்துவிட்டு மறு பாளம் நொறுக்கினோம். அம்மா தேங்காய் எண்ணெய் ஒரு கரண்டி ஊற்றினாள். கோபம் தணிந்த மாமியாராக அது இளகி வந்தது. கடலையைக் கொட்டினோம், கிளறினோம், தாளில் வைத்தோம், என் குளிர்சாதனப் பெட்டியில் அடுக்கினோம். பார்க்க அத்தனை அழகு. சேவி விரலில் ஒட்டியதை வாய்க்குக் கொண்டுபோனான். அம்மா கையைத் தட்டிவிட்டாள்.

"தவக்காலம்லே."

சேவி ஈஸ்டர் வரைக்கும் இனிப்பு தின்பதில்லை என்று நேர்ந்திருந்தான். நானும் அப்படித்தான். அம்மா காபிக்குச் சீனியே போடுவதில்லை. இத்தனை பாடுபட்டுச் செய்ததை ஒருவரும் நாக்கில் வைத்துப் பார்க்கவில்லை. பக்தியில் எங்களை மிஞ்ச ஆள் கிடையாது.

விமான நிலையம் போய் வந்தவன்

மறுநாள் சேவியை மறுபடி ஹெல்மெட்டுக்குள் திணித்து வாகைக்குளம் விமான நிலையத்துக்கு அனுப்பினோம். அங்கிருந்து வாடகைக் காரில் வந்து, தெருமுனையில் இறங்கி, பெட்டியை உருட்டிக்கொண்டு நடந்தான். தெரு முழுக்க வாசலில் நின்றது. "ஏலே, வெளிநாட்டுக்குப் போயும் கறுத்துல்லா போய்ட்ட?" என்றாள் பிலோமி சித்தி. ஒன்பது மாதக் கரித்தூள், உடனே போகுமா?

எங்கள் திட்டம் எளிமையானது. சில்லென்று கொடுப்போம், அங்கேயே வாயில் போடுவார்கள், அடையாளம் அழிந்துவிடும். அம்மா லேஸ் துணி மூடிய தாம்பாளத்தோடு முதலில் பிலோமி சித்தி வீட்டுக்குத்தான் போனாள். நான் பின்னால் நின்றேன்.

சித்தி எடுத்துக் கண்ணில் ஒற்றினாள். நேராகப் போய்க் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து உள்ளே வைத்தாள்.

"சாப்பிட்டுப் பாரேன் பிலோமி" என்றாள் அம்மா.

"என்னக்கா இப்படிக் கேக்க? தவக்காலத்துல சாக்லேட்டா? ஈஸ்டர் அன்னைக்குத் தின்னுக்கிடுதோம்."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன். வீட்டில் அத்தனை விரதம் இருந்த எங்களுக்கு, மற்றவர்களும் விரதம் இருப்பார்கள் என்று தோன்றவே இல்லை. தெருவில் நாங்கள் மட்டும்தான் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள் என்று நினைத்துவிட்டோம் போல.

வீடு வீடாக இதே கதை. போசன் மாமாவும் வெள்ளித்தாளைப் பிரிக்காமல் உருட்டிப் பார்த்தார். "கனமா இருக்கே, எந்த ஊரு?" என்று சேவியைக் கேட்டார். சேவி வாயைத் திறப்பதற்குள், "சொல்லாத, சொல்லாத. நானே சொல்லுதேன். ஈஸ்டர் பூசை முடிஞ்சி குருசடில வச்சிச் சொல்லுதேன்" என்றார். குருசடி என்பது எங்கள் தெருவில் சிலுவை நட்ட சின்னக் கோயில். வழக்கு பேசுவதும் வாழ்த்து சொல்வதும் அதன் முன்னால்தான்.

ஒரு வித்தியாசமான ஜெபமாலை

ஈஸ்டருக்கு இன்னும் வாரங்கள் இருந்தன. தெருவில் எல்லா வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிக்குள்ளும் எங்கள் பொய் ஒவ்வொரு துண்டாகக் குளிர்ந்துகொண்டிருந்தது.

அது போதாதென்று ஈஸ்டருக்கு முந்தின புனித வாரத்தில் இடி விழுந்தது. தவக்காலத்துக்காக என் வீட்டுக்காரர் விட்டது சவரத்தை மட்டும்தான், வாயைக் கட்டியதில்லை. டப்பாவில் கிடந்த சாக்லேட் உடைசலை எடுத்து வாயில் போட்டவர், தாடியைச் சொறிந்துகொண்டு சமையலறைக்கு வந்தார்.

"ரெஜி, இது என்ன, உப்புக் கரிக்கு?"

"கடலை வறுத்த உப்பு லேசா இருக்கும்."

"லேசாவா? எங்க உப்புப் பாத்தில வாரி அப்படியே சாக்லேட்ல முக்குனாப்பல இருக்கு."

அம்மாவைக் கூப்பிட்டேன். உப்புத் தூசி புடைக்காததால் கடலையிலேயே ஒட்டிக்கொண்டது என்று விளக்கினேன். அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். திருப்பிக் கேட்கவும் முடியாது. கொடுத்த சாக்லேட்டைத் திருப்பிக் கேட்ட குடும்பம் என்ற பெயர் மூன்று தலைமுறைக்கு நிற்கும்.

ஒரே வழிதான் இருந்தது. கரண்ட் போக வேண்டும். ஒருநாள் முழுக்கப் போனால் எல்லாம் உருகி ஒழிந்துவிடும், வெயில் கெடுத்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். கரண்ட் போகவேண்டும் என்று ஜெபமாலை சொன்ன குடும்பம் தமிழ்நாட்டிலேயே எங்களுடையதாகத்தான் இருக்கும். அந்த வாரம் பார்த்து ஒரு நிமிடம்கூடப் போகவில்லை. எப்படிப் போகும்? அனல் மின் நிலையத்துக்கு ஒன்பது மாதமாகக் கரி கொண்டுவந்து குவித்தவன் எங்கள் வீட்டில்தான் படுத்துக் கிடந்தான்.

"ஷைனிட்ட உண்மையச் சொல்லிருதேங்க்கா" என்றான் சேவி ஒருநாள். "அவ ஒத்துக்கிடுவா. அவ அப்பா ஒத்துக்கிட மாட்டாரு. மகளுக்குப் பொய்யன் வேண்டாம்பாரு. அது நியாயம்தான?" நியாயம்தான். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத்துக்கு அம்மா எங்கள் கோயிலுக்குப் போகவில்லை. சாமியாருக்குக் குரல் தெரிந்துவிடும் என்று இரண்டு பேருந்து மாறி வேறு பங்குக் கோயிலுக்குப் போனாள். திரும்பி வந்தவள் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. அந்தக் கோயில் சாமியார் ஜெபம் சொல்லச் சொல்லி அனுப்பிவிடுவார் என்று நினைத்திருந்தாளாம். பொய்யை முதலில் யாரிடம் சொன்னாயோ அவரிடமே போய் உண்மையைச் சொல், அதுதான் பரிகாரம் என்று சொல்லிவிட்டாராம்.

"பிலோமிட்டயா?" என்றேன்.

"அதுக்கு நான் தெருவுல நின்னு மணியடிச்சே சொல்லிரலாம்" என்றாள் அம்மா.

குருசடி முன்னால்

ஈஸ்டர் பூசை முடிந்து எல்லோரும் புதுத்துணியோடு குருசடி முன்னால் கூடினார்கள். வீட்டுக்கு வீடு பலகாரம் வந்தது. பலகாரத்தை ஒருவரும் தொடவில்லை. ஆளாளுக்குக் கையில் வெள்ளித்தாள் சுற்றிய உருண்டையோடு போசன் மாமாவைப் பார்த்து நின்றார்கள்.

அவர் நிதானமாகப் பிரித்தார். சாக்லேட் மேலே லேசாக வெளுத்துப் பூத்திருந்தது. ஒரு கடி கடித்தார். கண்ணை மூடினார். வழக்கமாக உடனே திறந்துவிடுவார். அன்றைக்குத் திறக்கவே இல்லை. அம்மாவின் கை என் முழங்கையை இறுக்கியது. எதிர்ப்பக்கத்தில் ஷைனி தன் பங்கைக் கடித்துவிட்டு மூச்சுவிடாமல் நின்றாள்.

"உப்பு" என்றார் போசன் மாமா.

சேவி தலையைக் குனிந்துகொண்டான்.

"கடல் உப்பு" என்றார் மறுபடியும். கண்ணைத் திறந்தார். "வடக்கே குளிர் தேசத்துக்காரன் செய்யுதது. உப்புச் சாக்லேட்டு. அங்கன பணக்காரன்தான் வாங்கித் திம்பான். சாதாரணக் கடையில கிடைக்காது."

தெரு அப்படியே அசந்துபோய்விட்டது. முகத்தைச் சுளிக்கப் போனவர்கள் சுளிப்பைப் பாதியில் நிறுத்தி, கண்ணை மூடி, நீதிபதி மாதிரியே சுவைத்தார்கள். பிலோமி சித்தி விரலைச் சப்பிக்கொண்டு சொன்னாள்: "அதான பாத்தேன். நம்மூர்ல எந்தக் கோட்டிக்காரி மிட்டாயில உப்பள்ளிப் போடுவா?"

அந்தப் பைத்தியக்காரி நான்தான். பல்லைக் காட்டிச் சிரித்தேன்.

போசன் மாமாவின் போன்

மத்தியானம் கறிச்சோறு உண்டு முடித்த நேரம், போசன் மாமா அம்மா வீட்டுக்குள் வந்தார். கூடவே ஷைனி. வந்தவர் உட்கார்ந்தார். சட்டைப் பையில் இருந்து போனை எடுத்தார். எந்தக் கப்பல் எங்கே போகிறது என்று காட்டுகிற செயலி ஒன்று அதில் இருக்கிறது. ஓய்வு பெற்ற பிறகு அவருக்குப் பொழுதுபோக்கே அதுதானாம். எங்கள் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி நடுவில் வைத்தார்.

சேவியின் கப்பல் போன தடம் அதில் கோடு கோடாக இருந்தது. பாரதீப்பில் இருந்து தூத்துக்குடி, தூத்துக்குடியில் இருந்து பாரதீப். ஊசி போய் வந்த தையல் மாதிரி.

"ஆரம்பத்துல இருந்தே பாக்கேன்" என்றார். "நீங்க சூயஸுன்னு சொன்ன அன்னைக்கு இவன் நம்ம கண்ணுக்கு எட்டுற தூரத்துல நிக்கான்."

சேவி எழுந்து நின்றான். "மாமா, எங்க அம்மாவ ஒண்ணும் சொல்லாதிய. நான்தான்..." என்று ஆரம்பித்தான்.

"உக்காருலே" என்றார். பிறகு அம்மாவிடம் பேசினார். "மதினி, நான் முப்பது வருசம் தூர தேசத்துல கிடந்தேன். தூரத்துல நிக்கது லேசு. வீடு கண்ணுல தெரிஞ்சாத்தான நெஞ்சு அடிக்கும்? இவன் மாதா கோயில் லைட்டப் பாத்துக்கிட்டே நின்னிருக்கான். கரையில இறங்குனா அரைமணி நேரத்துல பெத்தவ கையால சோறு. பெத்தவ சொன்ன வார்த்தை கெட்டுரக் கூடாதுன்னு கப்பல்லயே கிடந்திருக்கான். நானா இருந்தா முத நாளே குதிச்சி நீந்தி வந்திருப்பேன்."

போனை எடுத்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"அது பொய்யாவே இருக்கட்டும். அம்மா சொன்ன பொய்யையே இந்தப் பாடுபட்டுக் காப்பாத்துனவன், எம் மகளுக்குக் குடுத்த வாக்க விட்டுருவானா? பாதிக் கப்பக்காரன்னு சொன்னேன்லா. இவன்தாம்மா முழுக் கப்பக்காரன்."

அம்மா உடைந்துபோனாள். ஒன்பது மாதம் கேட்காததை அப்போதுதான் கேட்டாள். "எய்யா, எப்படி இருந்த அங்கன? ராத்திரி சாப்பிட்டியா? எம் புள்ளைய நானே வாசல்ல நிறுத்திட்டனே" என்று சேவியின் தலையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். ஷைனி அழுதுகொண்டே சிரித்தாள். அவளுக்கு எல்லாம் முதல் மாதமே தெரியுமாம். உண்மையைச் சொல்லப் போகிறேன் என்று என்னிடம் உருகினானே, அந்தப் பயல் எப்போதோ சொல்லிவிட்டிருக்கிறான்.

போசன் மாமா எழுந்தார். வாசல்வரை போய்த் திரும்பினார்.

"நிச்சயதார்த்தத்துக்கு இதே சாக்லேட்டுதான் குடுக்கணும். ஆனா இந்த வாட்டி ஜன்னலத் தெறந்து வச்சிச் செய்யுங்க. கருவாடும் கடலையும் சேந்து மணந்து அன்னைக்கு எனக்குத் தலவலியே வந்துட்டு."

திறந்த ஜன்னல்கள்

அப்படியே செய்தோம். கதவு, ஜன்னல் எல்லாம் திறந்து கிடந்தன. ஷைனியும் நானும் மொட்டை மாடியில் கடல்காற்றில் சுளகு வைத்துப் புடைத்தோம். தோலும் உப்பும் பறந்தன. சேவி கிண்டினான், கழுத்தில் ஒரு லேஞ்சு, கையில் ஒரு லேஞ்சு. ஆளுக்கு ஒன்று வாயில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் தாளில் சுற்றினோம். நிச்சயதார்த்தத்தன்று வந்தவர்கள் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள், பிலோமி சித்தியைத் தவிர.

சித்தி பாதி கடித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"இது வீட்டுல செஞ்சதாக்கா? பரவால்ல. ஆனா என்ன இருந்தாலும் சேவி கப்பல்ல இருந்து கொண்டுவந்தானே, அந்த உப்புச் சாக்லேட்டு மாதிரி வருமா? வெளிநாட்டுச் சரக்கு வெளிநாட்டுச் சரக்குதான்."

அம்மா என்னைப் பார்த்தாள். பரிகாரம் இன்னும் பாக்கி இருந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். மனதுக்குள் ஒரு அருள்நிறைந்த மரியே ஜெபம் சொல்லிக்கொண்டது உதட்டில் தெரிந்தது. பிறகு சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பிலோமி, உங்கிட்ட ஒரு உண்மையச் சொல்லணும். அதையும் நாங்கதான் செஞ்சோம். ரெஜி வீட்டு அடுப்புலதான். சேவி வெளிநாட்டுக்கே போகல."

சித்தி அம்மாவை ஏற இறங்கப் பார்த்தாள். அப்புறம் கன்னத்தில் செல்லமாக ஒரு இடி இடித்துவிட்டு, இலையில் இருந்த இன்னொரு சாக்லேட்டை எடுத்துக்கொண்டாள்.

"போக்கா" என்றாள். "உனக்குப் பொய் சொல்லவே வராது."